பல்கலைக்கழக நூலகத்தில் மாதம் ஒரு திரையிடல்: என்ன படம் போடலாம், எப்படி நடத்தலாம்?

நூலகப்படி எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். தென் மாவட்டப் பல்கலைக்கழகம் ஒன்றின் நூலகத்தில் உதவி நூலகராக இருக்கிறேன். ஜூலையில் தொடங்கும் பருவத்திலிருந்து மாதம் ஒரு படம் திரையிட எங்கள் நூலகர் அனுமதி கொடுத்துவிட்டார். முதல் மாடியில் கருத்தரங்கக் கூடம் இருக்கிறது. நூறு பேர் தாராளமாக உட்காரலாம். புரொஜெக்டரும் திரையும் உண்டு. ஒலிபெருக்கி மட்டும் கூட்டம் நடத்துவதற்காக வாங்கியது.

படம் பார்த்துவிட்டு மாணவர் வெளியே போகும் வழியில் ஒரு புத்தகத்தை இரவல் எடுத்துப் போக வேண்டும். இதுதான் என் எதிர்பார்ப்பு. வெறும் பொழுதுபோக்குக்கு விடுதியிலேயே டிவி இருக்கிறது, எல்லார் கையிலும் போன் இருக்கிறது. நூலகம் எதற்காகப் படம் காட்ட வேண்டும் என்று யாராவது கேட்டால், எங்கள் அலமாரியைக் காட்டித்தான் பதில் சொல்ல விரும்புகிறேன். ஆகவே படத்தோடு சேர்த்து, பக்கத்து மேசையில் என்ன புத்தகம் வைக்கலாம் என்றும் சொல்லுங்கள். ஜூலை முதல் நவம்பர் வரை ஐந்து படம் வேண்டும்.

உதிரி எழுதியது:

நல்ல காரியம், வாழ்த்துகள். யோசிக்கவே வேண்டாம், ‘உதிரிப்பூக்கள்’ போட்டுத் தொடங்குங்கள். 1979, மகேந்திரன். புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’ படத்துக்கு விதை. விதை என்றுதான் சொல்ல வேண்டும். கதையை அப்படியே எடுக்கவில்லை. தாயை இழக்கும் குழந்தைகள், தகப்பனின் மறுமணம் என்ற கருவை எடுத்துக்கொண்டு ஒரு கிராமத்தையே அதைச் சுற்றி எழுப்பினார். சிற்றன்னை குறுநாவல்தான், ஒரே மாலையில் வாசித்துவிடலாம். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கிற மாணவருக்கு, எழுத்து எங்கே நின்று கேமரா எங்கே தொடங்குகிறது என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்காது. மகேந்திரனின் ‘சினிமாவும் நானும்’ இருந்தால் அதையும் மேசையில் வையுங்கள்.

அடுத்து ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. இதில் நூலகத்துக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது. ஜெயகாந்தன் முதலில் ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையை எழுதினார். அதன் முடிவைப் பற்றித் தமிழ்நாடே சண்டை போட்டது. அந்த முடிவு வேறு மாதிரி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற இடத்திலிருந்து நாவல் பிறந்தது. நாவலுக்கு 1972இல் சாகித்திய அகாதெமி விருது. அப்புறம் பீம்சிங் இயக்கத்தில் படம்; லட்சுமிக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது. சிறுகதை, நாவல், படம் மூன்றும் ஒரே பெண்ணைப் பற்றி. மூன்றையும் ஒரே மேசையில் பரப்பி வைத்தாலே அது ஒரு கண்காட்சி.

கடைசி_பெஞ்ச் எழுதியது:

சார், தப்பா நினைக்காதீங்க. நான் எம்.ஏ. முதல் வருஷம். நீங்க சொல்ற எல்லாமே நல்ல படம்தான், ஆனா முதல் படமே நாப்பது வருஷத்துக்கு முந்தினதுன்னா தமிழ்த்துறை ஆளுங்க மட்டும்தான் வருவாங்க. பிசிக்ஸ், காமர்ஸ் பசங்க வாசப்படி ஏற மாட்டாங்க. எங்க கேம்பஸ்ல பாதிப் பேர் லைப்ரரிக்கு ஹால் டிக்கெட் நேரத்துல நோ டியூ வாங்க மட்டும்தான் வர்றாங்க.

‘பரியேறும் பெருமாள்’ல இருந்து தொடங்குங்க. எல்லாரும் போன்ல பாத்துட்டாங்க, சரி. ஆனா அந்த வகுப்புக் காட்சி இருக்கே, இங்கிலீஷ்ல நடத்துற பாடம் புரியாம பரியன் உக்காந்திருக்கிறது, அதை நூறு முதல் தலைமுறைப் பட்டதாரிங்க ஒண்ணா உக்காந்து பாக்கிறது வேற. முதல் செமஸ்டர்ல நானும் அப்படித்தான் இருந்தேன். என் பக்கத்துல இருக்கிறவனும் அப்படித்தான் இருந்தான்னு அன்னிக்குத் தெரிஞ்சா, அதுக்கப்புறம் அவன் எந்தப் படம் போட்டாலும் வருவான்.

உதிரி எழுதியது:

@கடைசி_பெஞ்ச் தம்பி, நீ சொல்வது சரி. முதல் படம் அதுவே இருக்கட்டும். மேசைக்கு மாரி செல்வராஜ் எழுதிய ‘தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்’ தொகுப்பு. இயக்குநரே எழுத்தாளர் என்பதால் படத்துக்கும் புத்தகத்துக்கும் நடுவே சுவரே கிடையாது. ஆனால் மூன்றாவது மாதத்துக்குள் உதிரிப்பூக்கள் வந்தாக வேண்டும், விட மாட்டேன்.

பிரிவு52 எழுதியது:

படங்களைப் பேசுவதற்கு முன் சட்டத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். பல கல்லூரிகளில் இதைத் தெரியாமலே பயப்படுகிறார்கள், அல்லது தெரியாமலே மீறுகிறார்கள்.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, எவை உரிமை மீறல் ஆகாது என்று பட்டியலிடுகிறது. கல்வி நிறுவனத்தின் செயல்பாடுகளின் ஒரு பகுதியாகத் திரைப்படம் காட்டுவது அதில் வருகிறது. நிபந்தனை பார்வையாளர்களைப் பற்றியது: ஆசிரியர்கள் மற்றும் அலுவலர்கள், மாணவர்கள், மாணவரின் பெற்றோர் அல்லது பாதுகாவலர், நிறுவனத்தின் செயல்பாடுகளோடு தொடர்புடையவர்கள். இந்த வட்டத்துக்குள் இருக்கும்வரை உங்களுக்குப் பாதுகாப்பு உண்டு. ஊர் மக்களை அழைத்தாலோ நுழைவுச்சீட்டு விற்றாலோ வட்டத்தை விட்டு வெளியே வந்துவிடுவீர்கள். அப்போது உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். சுவரொட்டியில் ‘அனைவரும் வருக’ என்று அச்சடிக்காதீர்கள். ‘பல்கலைக்கழக மாணவர்கள், ஆசிரியர்கள், அலுவலர்களுக்கு மட்டும்’ என்று போடுங்கள். வாசலில் அடையாள அட்டை பாருங்கள்.

ஓடிடி விஷயம் தனி. உங்கள் சந்தா என்பது அந்த நிறுவனத்தோடு நீங்கள் செய்துகொண்ட ஒப்பந்தம். பெரும்பாலும் வீட்டில் பார்ப்பதற்கு மட்டுமே இசைவு. யாரோ ஒரு ஆய்வு மாணவரின் கணக்கைத் திறந்து கூடத்தில் காட்டுவது அந்த ஒப்பந்தத்துக்கு விரோதம். நெட்ஃபிளிக்ஸ் தன் சொந்த ஆவணப்படங்கள் சிலவற்றுக்கு மட்டும் கல்வித் திரையிடலுக்கு ஒருமுறை இசைவு தருகிறது. அந்தப் படத்துக்கான குறிப்பில் அதை எழுதியிருப்பார்கள். மற்றபடி நூலகமே அசல் டிவிடி வட்டு வாங்கி இருப்புப் பதிவேட்டில் ஏற்றிவிடுவது நல்லது. அதுதானே உங்கள் வேலையும்.

இன்னொன்று. தணிக்கைச் சான்றைப் பாருங்கள். ‘ஏ’ சான்று பெற்ற படத்துக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். ஒருங்கிணைந்த முதுகலை, இளங்கலை முதலாண்டு வகுப்புகளில் பதினேழு வயதுக்காரர்கள் இருப்பார்கள்.

நூலகப்படி எழுதியது:

@பிரிவு52 மிக்க நன்றி ஐயா. துணைப் பதிவாளர் கேட்டால் காட்ட இதை அப்படியே அச்செடுத்து வைத்துக்கொள்கிறேன். பழைய படங்களுக்கு உரிமை முடிந்துவிடும் என்கிறார்களே, அது எப்படி?

பிரிவு52 எழுதியது:

வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து எண்ணி 60 ஆண்டுகள். 1954இல் வந்த படத்துக்கு 2014 டிசம்பர் 31 வரை. 1960இல் வந்ததற்கு 2020 டிசம்பர் 31 வரை. இது படத்துக்கான கணக்கு. கதைக்கும் பாட்டுக்கும் தனிக்கணக்கு இருக்கக்கூடும். புதிதாகச் செப்பனிட்டு வெளியிட்ட வட்டு என்றால் அதையும் கவனிக்க வேண்டும். ஆகவே பழைய படமானாலும் மேலே சொன்ன வட்டத்துக்குள்ளேயே நடத்துங்கள். பிறகு எதைப் பற்றியும் கவலை இல்லை.

ஒளிக்கற்றை எழுதியது:

நான் பல வருடம் ஒரு திரைப்படச் சங்கத்தில் புரொஜெக்டர் பக்கத்தில் நின்றவன். படத்தேர்வைப் பற்றி நிறையப் பேர் சொல்வார்கள். கூடத்தைப் பற்றி நான் சொல்கிறேன். படம் பிடிக்காமல் எழுந்து போகிறவர்களை விட, கேட்காமலும் தெரியாமலும் எழுந்து போகிறவர்கள் அதிகம்.

உங்கள் கூடம் சமதளத் தரை என்று நினைக்கிறேன். அப்படியானால் திரையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து குறைந்தது நான்கரை அடி உயரத்தில் இருக்க வேண்டும். சப்டைட்டில் வருவது படத்தின் அடியில். முன்வரிசைத் தலைகள் அதை மறைத்துவிட்டால், நான்காவது வரிசையிலிருந்து பின்னால் இருப்பவர்களுக்கு அது ஊமைப்படம். ஒவ்வொரு வசனத்துக்கும் கழுத்தை இடமும் வலமும் ஒடித்து எட்டிப் பார்ப்பார்கள். அவர் சாய்ந்தால் பின்னால் இருப்பவரும் சாய வேண்டும். அரைமணி நேரம் பொறுப்பார்கள், அதற்கு மேல் கிளம்பிவிடுவார்கள். திரையை உயர்த்த முடியாவிட்டால் நாற்காலிகளை நேர்கோட்டில் போடாமல் ஒன்றுவிட்டு ஒன்று இடைவெளியில் வரும்படி போடுங்கள். நடுவில் நடைபாதை விடாதீர்கள், இரண்டு ஓரத்திலும் விடுங்கள். நல்ல பார்வைக்கோணம் நடுவில்தான் இருக்கிறது. அதை நடப்பதற்கு வீணாக்கக் கூடாது.

ஒலி: கூரையில் பதித்த ஸ்பீக்கர்கள் வேண்டவே வேண்டாம். பேச்சுக்கே அது எதிரொலிக்கும், படத்தின் வசனம் கூழாகிவிடும். இரண்டு பெட்டி ஸ்பீக்கர் திரைக்கு இருபுறமும் உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தைவிடச் சற்று மேலே. பின்சுவரில் கனமான திரைச்சீலை தொங்கவிட்டால் எதிரொலி குறையும். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. மின்விசிறிச் சத்தத்தையும் கணக்கில் வையுங்கள். விசிறிகள் ஓடும்போதே ஒலி அளவைச் சோதியுங்கள்.

முதல்நாளே படத்தை அதே வட்டு, அதே கணினி, அதே கேபிளில் கடைசிவரை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். தமிழ் சப்டைட்டில் கோப்பு என்றால் எழுத்துரு கட்டம்கட்டமாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

சுன்னாகத்தான் எழுதியது:

வணக்கம். யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். நூலகச் சமூகத்துக்குப் படம் என்று தலைப்பைக் கண்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. சோமீதரன் எடுத்த ‘எரியும் நினைவுகள்’ ஆவணப்படத்தை ஒருமுறையாவது காட்டுங்கோ. 2008இல் வந்தது, ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு. 1981 மே 31 இரவு எங்கட பொது நூலகம் எரிக்கப்பட்டது. கிட்டத்தட்ட 97,000 நூல்கள் போயின. அதிலே ஓலைச்சுவடிகளும் வேறெங்கும் படி இல்லாத ஏடுகளும் இருந்தன. அந்த நூலகத்தைப் பாவித்தவர்களும் அதிலே வேலை செய்தவர்களும் அந்தப் படத்தில் கதைக்கிறார்கள்.

இப்ப கட்டடம் வெள்ளையாக, வடிவாக நிக்குது. பெடியள் உள்ளுக்குப் போய்ப் படிக்கிறார்கள். ஆனால் எரிந்ததில் எது எது இருந்தது என்று அறிய வழி குறைவு. உங்கட மாணவர்கள் இரவல் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் படத்தைப் பார்க்க வேணும். ஜூன் முதலாம் திகதியை ஒட்டி ஒவ்வொரு வருசமும் போடலாம். உங்களுக்கு அப்போது விடுமுறை என்றால், பருவத்தின் முதல் வாரத்தில் புது மாணவர்களுக்கு நூலகத்தை அறிமுகம் செய்கிற நாளிலே காட்டுங்கோ.

நூலகப்படி எழுதியது:

@சுன்னாகத்தான் அண்ணா, இதை நான் யோசிக்கவே இல்லை. நூலக அறிமுக நாளில் வழக்கமாக ஓபேக்கில், அதாவது நூலகத்தின் கணினிப் பட்டியலில், தேடுவது எப்படி என்று ஸ்லைடு போடுவோம். அதோடு இந்தப் படமும் இருக்கும். இயக்குநர் தரப்பைத் தொடர்புகொண்டு முறைப்படி படி வாங்க முயல்கிறேன்.

வகைப்பாடு எழுதியது:

நூலக அறிவியல் கற்பிப்பவள் என்ற முறையில் என் பங்கு.

நூலகத்தையே களமாகக் கொண்ட படங்கள் சில உண்டு. அலென் ரெனே 1956இல் எடுத்த ‘தூத் லா மெமுவார் து மோந்த்’. பாரிஸில் உள்ள பிரெஞ்சு தேசிய நூலகம் பற்றியது. இருபது நிமிடம் சொச்சம். புதிதாக வரும் ஒரு புத்தகத்தை வாசலிலிருந்து பின்தொடர்கிறார்: பதிவு, முத்திரை, பட்டியல், அலமாரி, கடைசியில் ஒரு வாசகரின் கை. அலமாரியில் நிற்கும் வரை அது ஆயிரத்தில் ஒன்று, வாசகர் கையில் வந்ததும்தான் அது புத்தகமாகிறது என்பது போல எடுத்திருக்கிறார். நூல்கள் பயன்பாட்டுக்கே என்பதை முதல் விதியாக வைத்த நூலகவியலாளர் எஸ்.ஆர். ரங்கநாதனின் மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான படம் இல்லை. ஆகஸ்ட் 12 அவர் பிறந்த நாள், தேசிய நூலகர் தினம். அன்று மாலை பூத்தூவிப் பேச்சு நடத்துவதற்குப் பதில் இந்த இருபது நிமிடத்தைக் காட்டுங்கள். சென்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்கு 1924இல் வந்த கணித ஆசிரியர் அவர். 1931இல் அவருடைய ‘நூலக அறிவியலின் ஐந்து விதிகள்’ நூல் வந்தது. மேசையில் அது இருக்க வேண்டும்.

பிரெடரிக் வைஸ்மனின் ‘எக்ஸ் லைப்ரிஸ்’, 2017, நியூயார்க் பொது நூலகம் பற்றியது. பின்னணி விவரிப்பாளர் கிடையாது, பேட்டி கிடையாது. நூலகத்தில் நடப்பதை அப்படியே காட்டுகிறார்: தொலைபேசியில் வரும் கேள்விக்குப் பதில் சொல்லும் ஊழியர்கள், வீட்டில் இணையம் இல்லாதவர்களுக்கு வைஃபை கருவி இரவல் கொடுப்பது, பணம் எங்கே செலவிடுவது என்று நிர்வாகக்குழு விவாதிப்பது. மூன்று மணி பதினேழு நிமிடம். மாணவர்களுக்கு அல்ல, நூலக ஊழியர்களுக்கே இரண்டு மதியமாகப் பிரித்துக் காட்டலாம்.

விம் வெண்டர்ஸின் ‘விங்ஸ் ஆஃப் டிசையர்’, 1987. பெர்லின் அரசு நூலகத்தின் வாசிப்பறையில் தேவதைகள் நடக்கிறார்கள். படித்துக்கொண்டிருப்பவர்களின் மனதுக்குள் ஓடும் குரல்கள் எல்லாம் அவர்களுக்குக் கேட்கின்றன. அந்தக் காட்சியைப் பார்த்த பிறகு நம் வாசிப்பறையின் அமைதியை வேறு விதமாகக் கேட்பீர்கள்.

கடைசி_பெஞ்ச் எழுதியது:

மேடம், ஜெர்மன் படம், பிரெஞ்சுப் படம் எல்லாம் எங்க பசங்களுக்குப் புரியுமா? இங்கிலீஷ் சப்டைட்டிலே எங்களுக்கு வேகமா படிக்க வராது. வெளிப்படையாவே சொல்றேன்.

சுருள்பெட்டி எழுதியது:

தம்பி, இதற்கு நான் பதில் சொல்கிறேன். கர்நாடகத்தில் ஹெக்கோடு என்று ஒரு சின்ன கிராமம். பாக்குத் தோட்டக்காரர்கள் ஊர். அங்கே கே.வி. சுப்பண்ணா என்பவர் நீநாசம் நாடக அமைப்பின் கீழ் 1973இல் திரைப்படச் சங்கம் தொடங்கினார். சத்யஜித் ராயையும் குரோசாவாவையும் விவசாயிகளுக்குக் காட்டினார்கள். அவர்கள் ஜப்பானிய மொழி கற்றா பார்த்தார்கள்? குரோசாவாவின் ‘ராஷோமா’னில் ஒரே சம்பவத்தை நாலு பேர் நாலு விதமாகச் சொல்கிறார்கள், ஊர்ப் பஞ்சாயத்தில் உட்கார்ந்த எவருக்கும் இது தெரியாததா? சுப்பண்ணாவுக்கு 1991இல் மகசேசே விருது கொடுத்தார்கள்.

புரியாது என்று நாமே முடிவு கட்டி மாணவரிடம் எதையும் கொடுக்காமல் இருப்பதுதான் இங்கே நடக்கிற பெரிய அநியாயம். வழி இருக்கிறது: ஒரு பக்கத்தில் கதைச்சுருக்கம், பாத்திரங்களின் பெயர், எந்த நாடு, எந்தக் காலம் என்று தமிழில் அச்சடித்துக் கையில் கொடுங்கள். முதலில் வசனம் குறைந்த படமாகத் தேர்ந்தெடுங்கள்.

ஈரானிலிருந்து தொடங்கலாம். இதில் நூலகர்களுக்கு ஒரு மகிழ்ச்சியான செய்தியும் இருக்கிறது. கானூன் என்று ஒரு அமைப்பு, 1965இல் உருவானது. அதன் முதல் வேலை குழந்தைகளுக்கு நாடெங்கும் நூலகம் அமைப்பது. அந்த நூலக அமைப்பில்தான் அப்பாஸ் கியாரஸ்தமி படப்பிரிவைத் தொடங்கி 1970இல் தன் முதல் குறும்படம் ‘ரொட்டியும் தெருவும்’ எடுத்தார். ரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும் பையனை ஒரு நாய் மறிக்கிறது, அவ்வளவுதான் படம். ஈரானிய சினிமாவின் பெரிய ஆளுமை ஒருவர் நூலகத்தின் வழியே வந்தவர்! 1987இல் வந்த ‘நண்பனின் வீடு எங்கே’ படமும் கானூன் தயாரிப்புத்தான். சக மாணவனின் நோட்டு தவறித் தன் பையில் வந்துவிட்டதைப் பார்த்த சிறுவன், அதைத் திருப்பிக் கொடுக்கப் பக்கத்து ஊருக்கு ஓடுகிறான். நாளைக்கு வீட்டுப்பாடம் அந்த நோட்டில் இல்லாவிட்டால் நண்பனைப் பள்ளியை விட்டே அனுப்பிவிடுவார்கள். ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. இதற்கு ஆங்கிலமும் வேண்டாம், பாரசீகமும் வேண்டாம்.

செவிவழி எழுதியது:

நான் பார்வையற்ற ஆய்வு மாணவன். இந்த விவாதம் முழுவதையும் திரைவாசிப்பான் வழியே கேட்டேன். வசனம் குறைந்த படம் எல்லோருக்கும் எளிது என்று சுருள்பெட்டி ஐயா சொன்னார். எனக்கு அது நேர் எதிர். நண்பனின் வீடு எங்கே என்று அந்தப் பையன் ஓடும்போது எனக்குக் காலடிச் சத்தம் மட்டும்தான் வரும்.

படங்களை மாற்றச் சொல்லவில்லை. ஓர் ஏற்பாடு கேட்கிறேன். பக்கத்தில் ஒருவர் காதோடு சொல்லிக்கொண்டே வருவது மற்றவர்களுக்குத் தொந்தரவு, எங்களுக்கும் கூச்சம். விளக்குபவர் கூடத்தின் பின்னால் கண்ணாடி அறையில் உட்கார்ந்து மைக்கில் பேச, எங்களுக்குக் காதணிக் கருவியில் அது கேட்டால் போதும். ஒரு வாட்ஸாப் குழு அழைப்பில்கூட இதைச் செய்யலாம். விளக்குபவர் படத்தை முன்கூட்டியே பார்த்து, வசனம் இல்லாத இடைவெளிகளில் மட்டும் பேச வேண்டும். முகபாவத்துக்குத் தன் கருத்தைச் சொல்லாமல், கண்ணால் காண்பதைச் சொல்ல வேண்டும். ‘அவள் வருத்தமாக இருக்கிறாள்’ என்று வேண்டாம். ‘அவள் தட்டைத் தள்ளிவைக்கிறாள்’ என்று சொல்லுங்கள், மீதி எனக்குப் புரியும். காது கேளாத மாணவர்களுக்குத் தமிழ்ப் படத்துக்கும் சப்டைட்டில் வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் பரிந்துரை ‘அந்த நாள்’. 1954, எஸ். பாலசந்தர் இயக்கம், ஜாவர் சீதாராமன் எழுத்து. பாட்டே கிடையாது. துப்பாக்கிச் சத்தத்தோடு தொடங்குகிறது. 1943 அக்டோபரில் சென்னையில் ஜப்பானியக் குண்டு விழுந்ததை ஒட்டிய கதை. கொல்லப்பட்டவன் ஒரு ரேடியோ இன்ஜினியர். ஒவ்வொருவரும் துப்பறிபவரிடம் தம் தரப்பைச் சொல்லச் சொல்லக் கதை விரிகிறது. குரல்களை வைத்தே நான் முழுப் படத்தையும் பின்தொடர்ந்தேன்.

வகைப்பாடு எழுதியது:

@செவிவழி தம்பி, அருமையாகச் சொன்னீர்கள். ‘அந்த நாள்’ படத்தையும் ‘ராஷோமா’னையும் ஒரே மாதத்தில் வைக்கலாம். பாலசந்தருக்கு உந்துதல் அங்கிருந்து வந்தது. ஆனால் கிளம்பிய இடம் மட்டும்தான் அது, போன வழி முழுக்க அவருடையது. மேசைக்கு, ‘ராஷோமா’னின் மூலக்கதைகளை எழுதிய அகுதாகவாவின் சிறுகதைகள்.

உங்களை நினைக்கும்போது இன்னொரு படமும் நினைவுக்கு வருகிறது. ரே பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’ நாவலை த்ரூஃபோ 1966இல் படமாக்கினார். புத்தகங்களை எரிக்கும் சமூகத்தின் கதை. எழுத்தே தடைசெய்யப்பட்ட உலகம் என்பதால் படத்தின் தொடக்கப் பெயர்ப்பட்டியல் எழுத்தில் வராது, குரலில் வாசிக்கப்படும். உங்களுக்கும் எனக்கும் அந்த இடத்தில் ஒரே படம்தான். அந்த நாவலை பிராட்பரி எழுதியதும் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில்தான்: லாஸ் ஏஞ்சலஸ் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பவல் நூலகம். அரைமணிக்குப் பத்து சென்ட் காசு போட்டால் ஓடும் தட்டச்சு இயந்திரங்கள் அங்கே இருந்தன.

விடுதி_இரண்டாம்_தளம் எழுதியது:

எல்லாரும் படத்தைப் பற்றிப் பேசுறீங்க. நேரத்தைப் பற்றி யாரும் பேசலையே. பெண்கள் விடுதியில் ஏழு மணிக்குக் கதவு மூடுவாங்க. ஆறு மணிக்குப் படம் ஆரம்பிச்சா நாங்க இடைவேளைக்கு முன்னாடியே எழுந்து போகணும். அதுக்கப்புறம் கலந்துரையாடல் ஆண்களுக்கு மட்டும்தான். பல பல்கலைக்கழகத்திலும் ஃபிலிம் கிளப் இப்படித்தான் ஆண் பிள்ளைகள் கிளப்பா மாறிப்போகுது. தயவுசெய்து வெள்ளிக்கிழமை பிற்பகல் மூணு மணிக்கு வைங்க. பஸ்ல ஊருக்குப் போற டேஸ்காலர்களுக்கும் அதுதான் வசதி.

படத்துக்கு: பாலு மகேந்திராவின் ‘வீடு’. வேலைக்குப் போற ஒரு பொண்ணு வீடு கட்டப் படுற பாடு. 1988, அர்ச்சனாவுக்குத் தேசிய விருது. எங்க அம்மா கூட்டுறவுச் சங்கத்துல லோன் வாங்க அலைஞ்சதை நேர்ல பாத்தவ நான். பொருளாதாரத் துறைப் பேராசிரியரைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லலாம்.

உதிரி எழுதியது:

நேரத்தைச் சொன்னது மிக முக்கியம். பேராசிரியரை அழைப்பதில்தான் எனக்குப் பயம். ஒருவரை அழைத்தால் தலைமை ஒருவர், வாழ்த்துரை இருவர், பொன்னாடை, நினைவுப் பரிசு என்று படம் தொடங்குவதற்குள் ஒரு மணி நேரம் போய்விடும். படத்துக்குப் பிறகு நாற்பது நிமிடச் சிறப்புரை வைத்தால், பார்த்தவர்கள் மனதில் பொங்கி நிற்பதெல்லாம் அடங்கிவிடும். மேடையே வேண்டாம். படம் முடிந்ததும் ஐந்து நிமிடம் தேநீர். பிறகு நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, முதலில் பேசுவது மாணவர்தான் என்று விதி வையுங்கள். பேராசிரியர்கள் கடைசியில் பேசட்டும்.

சுருள்பெட்டி எழுதியது:

உதிரி சொல்வதை வழிமொழிகிறேன். ஆனால் படத்துக்கு முன்னால் மூன்று நிமிட அறிமுகம் அவசியம். எதைக் கவனிக்க வேண்டும் என்று ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லி விடுவது. 1947இல் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் மற்ற நண்பர்களும் கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கியது வெறுமனே படம் பார்ப்பதற்காக அல்ல, பார்த்துவிட்டுப் பேசுவதற்காக. எட்டு ஆண்டு கழித்து ‘பதேர் பாஞ்சாலி’ வந்தது.

பழையதைப் பாதுகாப்பது பற்றியும் ஒரு நிகழ்வு வையுங்கள், நூலகத்துக்கு அது கடமை. முதல் தமிழ்ப் பேசும்படமான 1931ஆம் ஆண்டு ‘காளிதாஸ்’ இன்று நம்மிடம் இல்லை. தென்னிந்தியாவின் முதல் மௌனப்படமான நடராஜ முதலியாரின் ‘கீசகவதம்’ இல்லை. ஆனால் ‘மார்த்தாண்ட வர்மா’ என்ற மௌனப்படம் பிழைத்தது, எப்படித் தெரியுமா? சி.வி. ராமன் பிள்ளையின் மலையாள நாவலைப் படமாக்கினார்கள். நாவலின் பதிப்பகமான கமலாலயா புக் டிப்போ உரிமை தங்களுடையது என்று வழக்குப் போட்டுப் படச்சுருளைக் கைப்பற்றிவிட்டது. படம் ஓடவில்லை. புத்தகக் கடையில் கிடந்த அந்தச் சுருளை 1974இல் புனே திரைப்பட ஆவணக் காப்பகம் வாங்கியது. காப்பகத்தைக் கட்டியெழுப்பிய பி.கே. நாயரைப் பற்றி 2012இல் வந்த ‘செல்லுலாய்ட் மேன்’ ஆவணப்படத்தைக் காட்டுங்கள்.

அதோடு ஒரு பாட்டுப் புத்தகக் கண்காட்சி. பழைய தியேட்டர் வாசலில் சில அணாவுக்கு விற்ற மெல்லிய சாணித்தாள் புத்தகங்கள். பாட்டு வரிகள், நடிகர் பட்டியல், கதைச்சுருக்கம். சுருக்கம் பரபரப்பான இடத்தில் நின்று ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடியும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இவை சேகரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் ஊர் வீடுகளின் பரணிலும் நிச்சயம் இருக்கும். மாணவர்களைத் தாத்தா பாட்டியிடம் கேட்டு எடுத்துவரச் சொல்லுங்கள். ஸ்கேன் செய்துகொண்டு திருப்பிக் கொடுங்கள். அது உங்கள் நூலகத்தின் முதல் திரைப்படத் தொகுப்பாகிவிடும். தியடோர் பாஸ்கரனின் ‘எம் தமிழர் செய்த படம்’ பக்கத்தில் இருக்கட்டும். அசோகமித்திரனின் ‘கரைந்த நிழல்கள்’ நாவலையும் மறக்காதீர்கள். ஸ்டூடியோ வாழ்க்கையை அப்படி எழுதியவர் வேறு யாரும் இல்லை.

நூலகப்படி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இன்று நூலகரோடு உட்கார்ந்து பருவத்துக்கான பட்டியலை முடித்துவிட்டேன். மாதப் படங்கள் எல்லாமே வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணி, ஆறு மணிக்குள் கலந்துரையாடலும் முடிந்துவிடும்.

ஜூலையில் நூலக அறிமுக நாளன்று ‘எரியும் நினைவுகள்’, மாதக் கடைசியில் ‘பரியேறும் பெருமாள்’. ஆகஸ்ட் 12 அன்று ரெனேயின் குறும்படம், அந்த வாரமே ‘நண்பனின் வீடு எங்கே’. செப்டம்பரில் ‘உதிரிப்பூக்கள்’ (உதிரி அண்ணா கேட்டபடி மூன்றாவது மாதம்). அக்டோபரில் ‘அந்த நாள்’, அடுத்த வாரம் ‘ராஷோமான்’. நவம்பரில் ‘வீடு’, தேர்வுக்கு முன்பே. ‘செல்லுலாய்ட் மேன்’ படமும் பாட்டுப் புத்தகக் கண்காட்சியும் ஜனவரியில் பொங்கல் விடுமுறை முடிந்து. மாணவர்கள் ஊருக்குப் போய்ப் பரணில் தேடிவர அவகாசம் கிடைக்கும். ‘எக்ஸ் லைப்ரிஸ்’ ஊழியர்களுக்கு டிசம்பரில், இரண்டு மதியமாக.

திரையை உயர்த்தித் தரப் பராமரிப்புப் பிரிவு ஒத்துக்கொண்டது. படத்தோடு போகும் நூல்களுக்கு அன்று மட்டும் கூட வாசலிலேயே இரவல் பதிவு. பார்கோடு வாசிப்பானோடு ஒரு மேசை போடுகிறோம். ஒரே நாவலை நிறையப் பேர் கேட்பார்கள் என்பதால் சிற்றன்னைக்குக் கூடுதல் படிகள் வாங்கக் குறிப்பு எழுதியாகிவிட்டது.

செவிவழி, பின்னால் இருக்கிற ஒலி அறையைத் திறந்துவிடுகிறோம். விளக்குவதற்கு ஆள் வேண்டும். ‘பரியேறும் பெருமாள்’ படத்துக்கு யார் வருகிறீர்கள்?

கடைசி_பெஞ்ச் எழுதியது:

நான் பண்றேன் சார். அந்தப் படம் எனக்கு மனப்பாடம். செவிவழி அண்ணா, இந்த ஞாயித்துக்கிழமை ஒரு தடவை உங்களுக்கு மட்டும் ஓட்டிச் சொல்லிப் பாக்கிறேன். எங்க கூடுதலா பேசுறேன், எங்க விட்டுடுறேன்னு நீங்க சொல்லுங்க.

செவிவழி எழுதியது:

வா தம்பி. காலை பத்து மணிக்கு ஆய்வாளர் அறையில் இருப்பேன். ஹெட்போன் நான் கொண்டுவருகிறேன், நீ மைக் மட்டும் எடுத்து வா. பரியனின் நாய் கறுப்பி வரும் காட்சிகளை முதலில் பார்த்துவிடலாம், அங்கே வசனம் குறைவு.